கல்லூரி நாளில் எழுதிய கட்டுரை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் கொண்ட மாணவர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. இளநிலை வகுப்பில் இருக்கும்போதே ஆராய்ச்சி செய்தால் அது பின்னால் பயன்படுமா? பொறியியல் உயர்கல்வியாக இருந்தாலும், அறிவியல் உயர்கல்வியாக இருந்தாலும், விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் அதை மதிப்பார்களா? மதிப்பெண்தான் எல்லாம், மற்றவை வீண் வேலை என்பர் ஒரு சாரார். ஒரு கட்டுரை அச்சேறிவிட்டால் போதும், எந்தக் கதவும் திறந்துவிடும் என்பர் மறு சாரார்.

இவ்விரு கருத்துகளையும் உரசிப் பார்க்க நல்லதொரு வாழ்க்கை நமக்குக் கிடைத்திருக்கிறது. சென்னையில் ஓர் அரசினர் கல்லூரியில் படித்து, பட்டம் பெறும் முன்பே ஆய்வுக் கட்டுரை எழுதி, அதன் வழியாகவே கேம்பிரிட்ஜ் சென்று சேர்ந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983 ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசு பெற்றதை யாவரும் அறிவோம். நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் புகழுக்கு முந்திய கதை. 1925 முதல் 1930 வரை அவர் மாணவராக இருந்த ஐந்தாண்டுகளின் கதை.

இளமையும் வீட்டுக் கல்வியும்

சந்திரசேகர் 1910 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19 ஆம் நாள் லாகூரில் பிறந்தார். அந்நகரம் இன்று பாகிஸ்தானில் உள்ளது. தந்தையார் சி. சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலராக இருந்தவர். தாயார் பெயர் சீதாலட்சுமி. பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர் மூன்றாமவர். ஆண் மக்களில் மூத்தவர். தந்தையாரின் வேலை மாற்றத்தால் குடும்பம் 1918 இல் சென்னைக்கு வந்தது.

பன்னிரண்டு வயது வரையில் அவர் வீட்டிலேயே கல்வி கற்றார். தந்தையார் அலுவலகம் புறப்படும் முன் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுப்பார். தமிழைக் கற்பித்தவர் தாயார். இப்சன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கம் செய்த அம்மையார் அவர். கணித மேதை இராமானுஜன் 1920 ஏப்ரலில் மறைந்தபோது, அச்செய்தியை நாளிதழில் கண்டு ஒன்பது வயது மகனுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரித் தேர்வில் தோற்றும், தம் கணக்குகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பிக் கேம்பிரிட்ஜ் சென்ற ஒருவரின் வரலாறு அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1925 இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

சிற்றப்பாவின் கதை

சந்திரசேகரின் கல்லூரி வாழ்க்கையைச் சொல்லும் முன், அதே கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய தந்தையின் தம்பிதான் சர் சி. வி. இராமன். இராமனும் மாநிலக் கல்லூரி மாணவரே. அங்கே நிறமாலைமானியை வைத்துக்கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில் சில பட்டைகள் தெரிவதையும், அவை இருபுறமும் ஒத்திராமல் இருப்பதையும் அவர் கண்டார். கண்டதை விட்டுவிடாமல் ஆராய்ந்து கட்டுரையாக்கினார். அது லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மேகசின் இதழில் 1906 நவம்பரில் வெளியாயிற்று. அப்போது இராமனுக்கு வயது பதினெட்டு.

நண்பர்களே, முப்பட்டகக் கோணம் அளக்கும் சோதனையை நாமும் செய்கிறோம். கோணம் அறுபது பாகைக்கு அருகில் வந்துவிட்டால் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையொப்பம் பெற்று வெளியேறுகிறோம். அதே கருவியில் அதே சோதனையில் ஒரு மாணவர் புதிதாக ஒன்றைக் கண்டார் என்பதை எண்ணும்போது, சோதனைச் சாலையில் நிற்கும் அந்தப் பழைய நிறமாலைமானி என் கண்ணுக்கு வேறு விதமாகத் தெரிகிறது.

ஆனால் அந்தக் கட்டுரையால் இராமனுக்கு மேற்படிப்பு கிடைத்ததா? கிடைக்கவில்லை. இந்தியாவில் அன்று முறையான ஆராய்ச்சிப் படிப்பு இல்லை எனலாம். இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடம் தராது என்று மருத்துவ அதிகாரி கூறிவிட்டார். ஆகவே இராமன் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907 இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவியில் அமர்ந்தார். பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம். இப்படிப் பத்தாண்டுகள் உழைத்த பிறகே 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தது. ஒரு மாணவர் நல்ல ஆராய்ச்சி செய்தாலும், அதை ஏற்றுக்கொள்ள ஒரு கதவு இருந்தால்தான் அது திறக்கும் என்பதற்கு இராமனின் இளமை ஒரு சான்று. தமையன் மகனின் காலத்தில் அக்கதவு இருந்தது. அதைத் தட்டும் முறையையும் அவர் அறிந்திருந்தார்.

மாநிலக் கல்லூரியில்

முதல் இரண்டாண்டுகள் இடைநிலை வகுப்பு. பின்பு சிறப்புநிலைப் பட்ட வகுப்பில் எப்பாடத்தை எடுப்பது என்ற பேச்சு வந்தது. சந்திரசேகரின் நாட்டம் கணிதத்தில். தந்தையாரோ மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி ஆட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்று விரும்பினார். முடிவில் இயற்பியல் சிறப்புநிலை வகுப்பில் சேர்ந்துகொண்டு, கணித விரிவுரைகளையும் போய்க் கேட்டு வந்தார்.

பாட நூல்களோடு அவர் நிற்கவில்லை. சாமர்பெல்டு என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் அணுவின் அமைப்பு பற்றி எழுதிய பெரிய நூலைத் தாமே படித்து முடித்தார். குவாண்டம் கொள்கை பற்றி நடந்த கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றார். பரிசாக அவர் பெற்ற நூல் எடிங்டன் எழுதிய விண்மீன்களின் உள்ளமைப்பு. அந்த நூலை எழுதிய எடிங்டன் பின்னாளில் அவர் வாழ்க்கையில் எப்படிக் குறுக்கிட்டார் என்பதைப் பிறகு காண்போம்.

1928 கோடை விடுமுறையில் சந்திரசேகர் கல்கத்தா சென்று சிற்றப்பாவின் ஆய்வகத்தில் தங்கினார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அங்கே இராமன் விளைவு கண்டறியப்பட்டிருந்தது. கோடைக்காலத்தை ஆராய்ச்சிச் சூழலில் கழித்த அவர், காம்ப்டன் விளைவையும் விண்மீன்களின் உட்பகுதியையும் தொடர்புபடுத்திய ஒரு கட்டுரையை இந்தியன் ஜர்னல் ஆப் பிசிக்ஸ் இதழில் 1928 இலேயே வெளியிட்டார்.

சாமர்பெல்டின் வருகை

1928 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாமர்பெல்டு இந்தியா வந்தார். மாநிலக் கல்லூரியிலும் சொற்பொழிவாற்றினார். தாம் படித்த நூலின் ஆசிரியரே நேரில் வந்திருக்கும்போது சும்மா இருக்க மனம் வருமா? சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று பார்த்தார். அவருடைய நூலைத் தாம் முழுவதும் கற்றிருப்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

சாமர்பெல்டு தந்த விடை அந்த இளைஞரைத் திகைக்க வைத்தது. அந்நூல் எழுதப்பட்ட பின் சில ஆண்டுகளில் இயற்பியலே மாறிவிட்டது என்று அவர் எடுத்துரைத்தார். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பவுலி ஆகியோரின் புதிய கொள்கைகள் வந்துவிட்டன. பழைய குவாண்டம் கொள்கை போய்விட்டது. எலெக்ட்ரான் கூட்டத்துக்குப் பழைய புள்ளியியல் பொருந்தாது; 1926 இல் ஃபெர்மியும் டிராக்கும் வகுத்த புதிய புள்ளியியலே பொருந்தும். இவற்றைச் சொன்னதோடு நில்லாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி அப்போதுதான் அச்சாகிக்கொண்டிருந்த கட்டுரையின் அச்சுப் படிகளையும் அவரிடம் கொடுத்தார்.

அரும்பாடுபட்டுப் படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது என்று கேட்டால் சோர்ந்து போவது இயல்பு. சந்திரசேகர் சோரவில்லை. அந்த அச்சுப் படிகளைக் கொண்டே புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டார். கற்றதைத் தமக்கு முன்பே தெரிந்த ஒன்றில் பொருத்திப் பார்த்தார். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதிச் சிதறும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது என்பதே காம்ப்டன் விளைவு. சிதறடிக்கும் எலெக்ட்ரான்கள் புதிய புள்ளியியலின்படி இயங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். சில திங்களில் ஒரு கட்டுரை உருவாயிற்று. அவருக்கு அப்போது பதினெட்டு வயது.

கட்டுரை போய்ச் சேர்ந்த இடம்

எழுதிய கட்டுரையை எங்கே அனுப்புவது? இந்த இடத்தில்தான் அவருடைய படிப்பு அவருக்குத் துணை நின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் ஃபௌலர், வெண்குறு விண்மீன்களின் செறிந்த பொருளுக்கு இதே புதிய புள்ளியியலைப் பொருத்தி 1926 இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைச் சந்திரசேகர் படித்திருந்தார். தம் கட்டுரையின் நிறை குறையை உணரக்கூடியவர் இவரே என்று தேர்ந்து, 1929 சனவரியில் அவருக்கு அனுப்பி வைத்தார்.

ஃபௌலர் அக்கட்டுரையைப் படித்தார். சில திருத்தங்களைச் சொன்னார். சந்திரசேகர் அவற்றை ஏற்றுக்கொண்டார். கட்டுரை 1929 இலேயே ராயல் கழகத்தின் புரொசீடிங்ஸ் இதழில் வெளிவந்தது. முகம் அறியாத ஒரு பேராசிரியருக்கும் கடல் கடந்த ஒரு கல்லூரி மாணவருக்கும் இடையே இவ்வாறு ஓர் ஆசிரிய மாணவ உறவு ஏற்பட்டுவிட்டது. மேற்படிப்புக்கான விண்ணப்பம் எதுவும் அப்போது எழுதப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில் 1929 சனவரியில் சென்னையில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் கட்டுரை படித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது, அவருடன் இருந்து ஊரைச் சுற்றிக் காட்டும் வாய்ப்பு இம்மாணவருக்கு வாய்த்தது. கடற்கரைச் சாலையில் உடன் சென்றபடியே தம் ஆராய்ச்சியைப் பற்றி அவரோடு உரையாடினார். 1930 சனவரியில் அலகாபாத்தில் கூடிய அறிவியல் மாநாட்டில் மேகநாத் சாகா அவரைச் சந்தித்து, அவருடைய கட்டுரையைப் பாராட்டினார். மூத்த அறிஞர் ஒருவர் முன்னால் தம்மை யாரும் அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இல்லாத நிலையை அவர் எய்திவிட்டார். அவர் போவதற்கு முன்பே அவருடைய கட்டுரை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

உதவித்தொகையும் தாயின் விருப்பமும்

அலகாபாத்திலிருந்து திரும்பிய பின், கல்லூரி முதல்வர் ஃபைசன் அவரை அழைத்து ஒரு நற்செய்தி கூறினார். இங்கிலாந்து சென்று ஆராய்ச்சி செய்ய இந்திய அரசின் உதவித்தொகை அவருக்குக் கிடைக்கவிருந்தது. 1930 இல் இயற்பியல் சிறப்புநிலைப் பட்டமும் முதல் வகுப்பில் பெற்றார். ஆராய்ச்சியில் ஈடுபட்டதால் தேர்வை அவர் கைவிட்டுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆனால் புறப்படும் வேளையில் வீட்டில் ஒரு பெருந்துயர் சூழ்ந்திருந்தது. தாயார் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். இந்நிலையில் மூத்த மகன் கடல் கடந்து போவது முறையா என்று உறவினர் கேட்டனர். அவருக்கும் அதே கலக்கம் இருந்தது. அவரைப் போகச் சொல்லி உறுதியாக நின்றவர் தாயாரே. 1930 சூலை 31 ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். தாயார் 1931 மே மாதம் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். மீண்டும் தாயின் முகத்தைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. மேற்படிப்பின் விலை என்ன என்று கணக்கிடுவோர் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கப்பலில் நடந்த கணக்கு

கப்பல் பயணத்தின்போது அவர் சும்மா இருக்கவில்லை. ஃபௌலரின் வெண்குறு விண்மீன் கொள்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். வெண்குறு விண்மீன் என்பது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன். அதன் பொருள் ஒரு கன சென்டிமீட்டர் அளவே ஒரு டன் எடை இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்கும். அந்த வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? ஃபௌலர் அதைச் சேர்த்திருக்கவில்லை. சேர்த்துக் கணக்கிட்ட இளைஞருக்கு வியப்பான விடை கிடைத்தது. ஓர் அளவுக்கு மேல் பொருண்மை கொண்ட விண்மீன் வெண்குறு விண்மீனாக அமைதி அடைய முடியாது. அந்த எல்லையே இன்று சந்திரசேகர் வரம்பு என்று வழங்கப்படுகிறது. அது சூரியனின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகும்.

அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. அக்கணக்குக்கு வேண்டிய புதிய புள்ளியியல், விண்மீனின் உள்ளமைப்பு ஆகிய இரண்டையுமே அவர் சென்னையில் மாணவராக இருந்தபோதே கற்றிருந்தார்.

இலண்டனில் நேர்ந்த தடை

1930 ஆகஸ்டு 19 ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அவரைக் கேம்பிரிட்ஜில் சேர்ப்பதற்கான அலுவலக வேலைகள் முறையாக நடந்திருக்கவில்லை. சென்னையிலும் இலண்டனிலும் இருந்த அலுவலகங்களுக்கு இடையே காரியம் குழம்பிப் போயிருந்தது. அலுவலரின் கடுஞ்சொல்தான் மிச்சம். உதவித்தொகை கையில் இருந்தும், முதல் வகுப்புப் பட்டம் இருந்தும், கேம்பிரிட்ஜில் இடம் இல்லை என்னும் நிலை.

அந்நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் ஃபௌலர். விடுமுறைக்காக அயர்லாந்து சென்றிருந்த அவர், அங்கிருந்தே எழுதிச் சிக்கலைத் தீர்த்து வைத்தார். சந்திரசேகர் டிரினிட்டிக் கல்லூரியில் ஃபௌலரின் மாணவராகச் சேர்ந்தார்.

நம் வினாவுக்குரிய விடை இந்த இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பட்டத்தையும் மதிப்பெண்ணையும் பதிவேடுகளில் பார்த்த அலுவலருக்கு அவர் எத்தனையோ பேரில் ஒருவர். கட்டுரையைப் படித்து, திருத்தம் சொல்லி, அத்திருத்தங்களை இம்மாணவர் எப்படி ஏற்றார் என்பதையும் கண்டிருந்த ஒருவருக்கு மட்டுமே, இவரை விட்டுவிடக் கூடாது என்பது தெரிந்திருந்தது. அந்த ஒருவர் இல்லாதிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

அதன் பிறகு

கேம்பிரிட்ஜ் சென்றதும் எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை. தாம் கண்ட வரம்பைப் பற்றிய கட்டுரையை அவர் ஃபௌலரிடம் கொடுத்தபோது, அன்புடைய அந்த ஆசிரியரே அதை உடனே நம்பவில்லை. கட்டுரை முடிவில் அமெரிக்காவின் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் இதழில் 1931 இல் வெளிவந்தது. 1933 இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1935 சனவரி 11 ஆம் நாள் இலண்டனில் நடந்த அரச வானியல் கழகக் கூட்டத்தில் தம் கொள்கையை முழுமையாக விளக்கினார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அக்கொள்கையைப் பலர் முன்னிலையில் ஏளனம் செய்து ஒதுக்கினார். கல்லூரி நாளில் பரிசாகப் பெற்றுப் போற்றிப் படித்த நூலின் ஆசிரியரே அவர்! இளம் அறிஞருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சந்திரசேகர் சண்டையிட்டுக்கொண்டு காலம் கழிக்கவில்லை. 1936 இல், மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு இளையவராகப் படித்த லலிதா அம்மையாரை மணந்துகொண்டார். 1937 இல் அமெரிக்கா சென்று சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வாழ்நாள் முழுதும் அங்கேயே பணியாற்றினார். தம் கண்டுபிடிப்பை 1939 இல் விண்மீன் அமைப்பு பற்றிய நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு துறைகளுக்குச் சென்றார். 1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் இதழின் ஆசிரியராக இருந்தார். கப்பலில் கணக்குப் போட்ட நாளிலிருந்து 53 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு வந்தது. 1995 ஆகஸ்டு 21 ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். 1999 இல் விண்ணில் செலுத்தப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரால் சந்திரா என்று அழைக்கப்படுகிறது.

நமக்கு உரியது எது?

இவ்வரலாற்றைக் கேட்டவுடன் ஒருவர் மறுப்புச் சொல்லலாம். சந்திரசேகருக்குப் படித்த தந்தை இருந்தார். வீட்டிலேயே நூல்கள் இருந்தன. கல்கத்தாவில் சிற்றப்பாவின் ஆய்வகம் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? இது நியாயமான கேள்வி. என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பம் என்றால் என்ன, பரிந்துரைக் கடிதம் என்றால் என்ன என்று வீட்டில் யாரையும் கேட்க முடியாது. நம் வகுப்பில் பாதிப் பேர் இதே நிலையில்தான் இருக்கிறோம். ஆகவே அவருக்கு இருந்த வசதிகளை மறைத்துவிட்டு, முயன்றால் எவரும் சந்திரசேகர் ஆகலாம் என்று எழுதுவது உண்மையாகாது.

ஆயினும் அந்த வசதிகளால் மட்டும் வராதவை சில உண்டு. ஒரு நூலை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிக்க அவருக்குச் சிற்றப்பா தேவைப்படவில்லை. ஊருக்கு வந்த அறிஞரைத் தேடிச் சென்று பார்க்கத் துணிவுதான் வேண்டியிருந்தது. தாம் கற்றது பழையதாகிவிட்டது என்று கேட்டும் அன்றே புதியதைத் தொடங்கியது அவருடைய மன உறுதி. கட்டுரையை யார் படிக்க வேண்டும் என்று அறிந்து அவருக்கே அனுப்பியது அவருடைய படிப்பு. இவை நமக்கும் எட்டக்கூடியவை.

இன்றைய நிலையையும் உள்ளபடியே சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. இடம் பெற ஜாம் தேர்வின் தரவரிசைதான் பார்க்கப்படுகிறது. எம்.டெக். போன்ற பொறியியல் உயர்கல்விக்குப் பெரும்பாலும் கேட் மதிப்பெண். அங்கெல்லாம் நம் ஆராய்ச்சியை யாரும் கேட்கப் போவதில்லை. அத்தேர்வுகளுக்கு அவற்றுக்கு உரிய முறையில்தான் உழைக்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்விலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் நிலை வேறு. அங்கே நம்மை அறிந்த ஆசிரியர் எழுதும் கடிதம் படிக்கப்படுகிறது. இம்மாணவர் வகுப்பில் நல்ல பெயர் எடுத்தவர் என்று மட்டும் சொல்லும் கடிதத்தைவிட, இன்ன வினாவை எடுத்தார், இவ்வழியில் முயன்றார், இந்த இடத்தில் தடைப்பட்டு இப்படி மீண்டார் என்று சொல்லும் கடிதத்துக்கு எடை அதிகம். அப்படி ஒரு கடிதத்தை ஆசிரியர் எழுத வேண்டுமானால், அவர் கண்முன் நாம் அப்படி ஒரு வேலையைச் செய்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பணம் கட்டினால் எதையும் சில நாட்களில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் இன்று பெருகிவிட்டன. விண்ணப்பத்தில் காட்டலாம் என்று அவற்றை நாடும் மாணவர்களும் உள்ளனர். அக்கட்டுரைகளை அச்சிட்டவரே படிப்பதில்லை. சந்திரசேகரின் கட்டுரை அவருக்கு உதவியது அது அச்சானதால் மட்டும் அன்று. அதைப் படிக்க வேண்டியவர் படித்தார், குறை சொன்னார், திருத்தப்பட்டது. இம்மூன்றும் இல்லாத கட்டுரைக்குச் செலவிடும் பணத்துக்கு நல்ல நூல்களை வாங்கலாம்.

ஆகவே வினாவுக்கு என் விடை இது. இளநிலை வகுப்பில் செய்யும் ஆராய்ச்சி பயன்படும். தேர்வுக்கு மாற்றாக அதை நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் வேலையின் தரத்தை உணர்ந்த ஒருவரையாவது அது நமக்குத் தேடித் தருமானால், அந்த ஒருவர் பல சான்றிதழ்களுக்கு மேலாவார். அந்த ஒருவர் கேம்பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கல்லூரித் துறை அறையிலேயே இருக்கலாம்.

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். செய்முறை வகுப்பு முடிந்த பின், வாரத்தில் ஒரு மாலையேனும் ஒரு மணி நேரம் சோதனைச் சாலை திறந்திருக்கட்டும். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை அளந்து பார்க்க விரும்பும் மாணவர் நால்வர் வந்தாலும் போதும். மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது, விடை சரியாக வந்த பிறகும் சிறிது நேரம் தொலைநோக்கியின் வழியே பார்த்துக்கொண்டிருங்கள். வேறு ஏதேனும் தென்பட்டால், கையொப்பம் பெறும் முன் அதைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள்.